காய் நகர்த்தாத ஆள்

“தோத்துட்டா தோத்துட்டேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? உசுரை வாங்குறான்.”

கைபேசியைப் பார்த்து டைம்கீப்பர் போட்ட சத்தத்தில், துணி மடித்துக்கொண்டிருந்த மகள் கையில் சட்டையோடு எழுந்து வந்தாள்.

“யாருப்பா அது?”

“யாருக்குத் தெரியும்? ஆன்லைன் செஸ். எங்கிட்ட ராணி இருக்கு, ரெண்டு யானை இருக்கு. அவன்கிட்ட ராஜாவும் ஒத்தைச் சிப்பாயும்தான். நான் அடுத்த காயை நகர்த்தினா மேட். அது தெரிஞ்சதும் காயைத் தொடாம உக்காந்துட்டான். கடிகாரத்துல எனக்குக் கொஞ்ச நேரம்தான் மிச்சம், அவனுக்குக் கொட்டிக் கிடக்கு.”

காத்திருப்பது என்றாலே மனிதருக்கு ஆகாது. பஸ் டிப்போவில் வண்டி வந்து போகிற நேரத்தைக் குறிப்பதுதான் அவர் வேலை. கொஞ்சம் லேட்டாக வண்டியை உள்ளே விட்டாலும் டிரைவரை நாலு பேர் பார்க்க நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். அவர் தலை தெரிந்தாலே டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள்.

மகள் நகரவில்லை.

“அப்பா, அவங்க வீட்டுல இருந்து இன்னைக்கும் போன் பண்ணாங்க.”

“யோசிக்கிறேன்னு சொன்னேன்ல?”

அவள் விரும்புகிற பையனின் வீட்டார். பெண் கேட்டு வந்துபோய் மாதக் கணக்காகிறது. பையனுக்கு என்ன பெரிய வேலை என்று சொல்லிப் பார்த்தார். நிரந்தரமான ஆஸ்பத்திரி வேலை. குடும்பம் எப்படியோ என்றார். விசாரித்த இடமெல்லாம் நல்ல பெயர். காரணமெல்லாம் தீர்ந்த பிறகு ‘யோசிக்கிறேன்’ ஒன்றுதான் கைவசம் இருந்தது.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் வரலைன்னா வேற பொண்ணு பாக்கப் போறாங்களாம்ப்பா.”

“இரும்மா. முதல்ல இவனை ஒரு வழி பண்ணிட்டு வரேன்.”

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி எதிராளிக்குத் திட்டு எழுத ஆரம்பித்தார்.

“அவருக்குத் தமிழ் தெரியுமாப்பா?”

“திட்டு எல்லா மொழியிலயும் புரியும்.”

எழுதுவதை வாய்விட்டும் சொன்னார். “நீயெல்லாம் ஒரு மனுஷனா? ஒத்துக்கத் தைரியமில்லாத கோழை. ஜெயிச்சவனைக் காக்க வெச்சே சாகடிக்கிறியே, வெக்கமா இல்ல?”

அனுப்பிவிட்டு, பல்லைக் கடித்தபடி பலகையைப் பார்த்தார்.

எதிராளி எப்போதோ ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்திருந்தான். இவர் எழுத்துத் தேடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இவருடைய கடிகாரம்தான் ஓடியிருக்கிறது. ‘நேரம் முடிந்தது. நீங்கள் தோற்றுவிட்டீர்கள்’ என்று வந்திருந்தது. கீழே எதிராளி அனுப்பிய சிரிப்புப் பொம்மை ஒன்று.

நேரம் பார்த்தே சம்பளம் வாங்குகிற மனிதர், நேரம் பார்க்காமல் தோற்றிருந்தார்.

கைபேசியை சோபாவில் வீசினார். முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

“ஜெயிச்ச ஆட்டம்மா! தோக்கப் போறோம்னு நல்லாத் தெரியுது. அப்புறமும் வாயைத் திறக்காம உக்காந்து அடுத்தவனை வதைக்கிறானே, இது என்ன புத்தி? இவனையெல்லாம் சும்மா விடலாமா? நீயே சொல்லு.”

மகள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். டிப்போவுக்கு அவர் போட்டுப்போகிற சட்டை. அதை அவர் பக்கத்தில் வைத்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தாலும் குரல் கொதித்தது.

“அந்த ஆளாவது கடைசியில காயை நகர்த்திட்டாருப்பா.”

டைம்கீப்பர் சோபாவில் கிடந்த கைபேசியை எடுத்து வெடுக்கென்று அவளிடம் நீட்டினார்.

“அந்தப் பையனோட அப்பாவுக்குப் போடு. எடுக்கலைன்னா எடுக்கிற வரைக்கும் போடு.”