ஒரே தோட்டத்து ஒயின்

கன்னம் இரண்டும் உப்ப ஒயினைக் கொப்பளித்து, திராட்சைக் கொடியின் தூரில் துப்பினான் அரைக்கால் சட்டை போட்ட இளைஞன்.

மரியசெல்வத்துக்குப் பதறியது. பண்ணைக்காடு ஊருக்குக் கீழே அவருடைய அரை ஏக்கர் சரிவு. வேறு தோட்டத்துப் பழம் ஒன்றுகூடக் கலக்காமல், இரண்டு வருடம் ஜாடியில் காத்துவைத்த சிவப்பு ஒயின் அது.

கொடைக்கானல் ஓட்டல் ஒன்று மொத்தத்தையும் வாங்கிக்கொள்ள யோசித்து, ருசி பார்க்க ஆள் அனுப்பியிருந்தது. ஒயின் தேறாவிட்டால் கொடிகளை வெட்டிவிட்டு பட்டர் ஃப்ரூட் வைப்பதென்று தம்பி ரெக்ஸ் முடிவு செய்துவிட்டான். ஒரு நாள் வாடகைக்கு எடுத்த மரம் அறுக்கும் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் காத்திருந்தான்.

"ஏலே, போனாப் போகுதுன்னு உனக்கும் ஒரு கிளாஸ் குடுத்தா, என் தோட்டத்துலயே துப்புறியா?" மரியசெல்வம் பாய்ந்தார்.

"அண்ணே, துப்பத்தான் செய்யணும். நான் ஓட்டல்ல இருந்து..."

"தெரியும்லே! ஓட்டல் வண்டிதான வாசல்ல நிக்குது. பேசாம போயி அதுகிட்ட நில்லு!"

இளைஞன் மறுபடி வாயைத் திறந்தான். மரியசெல்வம் நாயை அவிழ்த்துவிட்டார். அவன் ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சரிவில் பாய்ந்து, கீழே வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.

"என்னங்க, அந்தப் பையன் கிளாஸை வெயில்ல தூக்கித் தூக்கிப் பாத்தான். மூக்கை உள்ள விட்டு மோந்தான்" என்றாள் மனைவி சுஜிதா.

"மண்ணெண்ணெய்னு நெனச்சிருப்பான். வண்டி ஓட்டுற பயலுக்கு என்ன தெரியும்? சாரைக் கவனி!"

வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், பளபளக்கும் கறுப்பு ஷூவோடு ஓட்டல் வண்டியிலிருந்து இறங்கியவருக்கு வந்ததுமே பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. அதைத் தடவிப் பார்த்தபடி அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மரியசெல்வம் கிளாஸை நீட்டினார்.

"எனக்கா? வேணாங்க. சோலியா வந்திருக்கேன்."

"அந்தச் சோலியே இதுதானுங்களே சார்!"

பெரிய மனிதர்களுக்கு மூன்று தரம் சொல்ல வேண்டும். மூன்றாவது தரம் அவர் வாங்கிக்கொண்டார். ஒரே மடக்கு. துப்பவில்லை.

"மண் வாசம் தெரியுதுங்களா?"

"இன்னொண்ணு குடுங்க, பாப்போம்."

கொடுத்தார்.

"இப்ப?"

"வேர் வரைக்கும் தெரியுதுங்க."

மரியசெல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு வார்த்தைக்குத்தானே இரண்டு வருடம் காத்திருந்தார்.

நான்காவது கிளாஸில் அவர் தொட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சுஜிதா அவித்த கடலையோடு ஓடிவந்தாள். ஐந்தாவதில் மெஷின் எதற்கென்று கேட்டறிந்து, ரெக்ஸைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"இதுக்குப் போயி கொடியை வெட்டுவாங்களா தம்பி? மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

ரெக்ஸ் தலைகுனிந்தான். மெஷினை வெரசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பிப் போனான்.

"அப்ப மொத்தமும் எடுத்துக்குவீங்கள்ல சார்?" மரியசெல்வம் ஜாடியைத் தொட்டுக் காட்டினார்.

"ஒரு சொட்டு விட மாட்டேன்."

சுஜிதா சிலுவை போட்டுக்கொண்டாள். மரியசெல்வம் ஆறாவது கிளாஸை விளிம்பு வரை ஊற்றினார்.

அதையும் முடித்துவிட்டு அவர் தூணைப் பிடித்து எழுந்தார். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, வாசலில் தனியாக நின்ற வண்டியைப் பார்த்தார். தோட்டத்தைப் பார்த்தார். மறுபடி வண்டியைப் பார்த்தார்.

"வண்டி எடுக்கணுங்க... டவுசர் போட்ட எங்க சாரு எங்க?"