ஒரிஜினல் ஸ்பிரிங்

“வெளிக் கம்பெனி ஸ்பிரிங்கா? ஏம்மா, அதைத் துப்பாக்கிக்கு வாங்கினியா, மெத்தைக்கு வாங்கினியா?”

ஹார்லன் கேட்டதும் கிளப்பே சிரித்தது. கொரீனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

ஸ்கூல் பஸ் ஓட்டுகிற வேலை அவளுக்கு. மொன்டானாவின் இந்தச் சின்ன ஊருக்கு வந்ததே போன மாதம்தான். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்குமே என்று கைத்துப்பாக்கி கிளப்பில் சேர்ந்தாள். கிடைத்தது இந்தக் கிழவர்.

“கம்பெனிக்காரன் என்ன போட்டு அனுப்பினானோ அதுதான் துப்பாக்கி. மத்ததெல்லாம் எப்ப காலை வாரும்னு சொல்ல முடியாது. என்னோடதுல ஒரு திருகாணிகூட மாத்தினதில்லை, தெரியுமா?”

“தெரியும் சார். போன வாரமும் சொன்னீங்க.”

“அடுத்த வாரமும் சொல்லுவேன்!”

அன்றைக்குக் கோடைப் போட்டி. கடைசிச் சுற்றில் மிஞ்சியது அவளும் அவரும்தான். இரும்புத் தட்டுகளை யார் சீக்கிரம் சாய்க்கிறார்களோ அவருக்குக் கோப்பை.

கொரீன் மளமளவென்று சாய்த்துக்கொண்டே வந்தாள். கடைசித் தட்டுக்குக் குறிவைத்தபோது துப்பாக்கிக்குள் தோட்டா சிக்கிக்கொண்டது. எடுத்துச் சரிசெய்து சுடுவதற்குள் நேரம் ஓடிவிட்டது.

ஹார்லன் நிதானமாக நின்றார். ஒவ்வொரு தட்டாகக் கணீர் கணீரென்று விழுந்தது.

“பாத்தியா! ஒரிஜினல்!” கோப்பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஆடினார். கூட்டம் கை தட்டியது. கொரீனும் தட்டினாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்லோரும் சாப்பாட்டு மேஜைக்கு நகர்ந்தார்கள். ஓரமாக இன்னொரு மேஜையில் ஹார்லனின் மனைவி வெர்னா அவருடைய துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொரீன் உதவப் போனவள், ஸ்பிரிங்கைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

கம்பெனி ஸ்பிரிங் கறுப்பாக இருக்கும். இது வெள்ளையாக மின்னியது. இவளுடைய துப்பாக்கியில் இருக்கிற அதே வெளிக் கம்பெனிச் சரக்கு!

“அடப்பாவி மனுஷா!” வெடுக்கென்று அதை எடுத்துக்கொண்டு திரும்பினாள். இன்றைக்கு நாலு பேர் முன்னால் கேட்காமல் விடுவதில்லை.

வெர்னா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அவருக்குத் தெரியாதும்மா.”

“எது?”

“போன வருஷம் மூட்டு வாதத்துல விரலெல்லாம் மடங்கிப்போச்சு. தோட்டா ஏத்தறதுக்குத் துப்பாக்கியோட மேல்பாகத்தைப் பின்னால இழுக்க முடியலை. வண்டியில உக்காந்து, ‘என் கதை முடிஞ்சது வெர்னா, இதை வித்துடு’ன்னு அழுதார். நான்தான் இழுக்க லேசா இருக்கற ஸ்பிரிங்கா வாங்கி மாட்டினேன். எண்ணெய் போட்டேன்னு சொன்னேன். இழுத்துப் பார்த்தார். சட்டுனு வந்துது. சமையலறையில என்னைத் தூக்கிச் சுத்திட்டார்!”

“பிரிச்சுப் பார்த்தா தெரியுமே?”

“அந்த விரலால எங்க பிரிக்கறது? துடைக்கறது நான்தான்.”

“சரி, போட்டியில காலை வாரிட்டா?”

“அந்தப் பயம் எனக்கும் உண்டு. அவர் சர்ச்சுல பாடப் போற நேரம் பார்த்து, கல்லு குவாரிக்கு எடுத்துட்டுப் போய் வாராவாரம் சுட்டுப் பார்க்கறேன். ஒரு தடவைகூடச் சிக்கலை. நல்ல ஸ்பிரிங்தான்.”

கொரீன் கையிலிருந்த ஸ்பிரிங்கைப் பார்த்தாள்.

“என்ன அங்க கிசுகிசு?” கையில் கோப்பையோடு ஹார்லன் வந்துவிட்டார். “உள்ள பாத்தியா பொண்ணே? இப்பவாவது புரிஞ்சுதா?”

சாப்பாட்டு மேஜையில் சட்டென்று சத்தம் அடங்கியது. காலையில் அவளைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் இப்போதும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொரீன் உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டாள்.

“நல்லாப் புரிஞ்சுது சார். ஒரிஜினல் மாதிரி வராது.”

“அப்படிச் சொல்லு!” ஹார்லன் வெர்னாவின் இடுப்பைப் பிடித்து மறுபடி ஆட ஆரம்பித்தார்.

கிளப் தலைவர் ட்வைட், சுட்ட மான்கறியில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, தட்டில் வைத்து அவளிடம் நீட்டினார். காதோரம் குனிந்து சொன்னார்:

“இன்னைக்குத்தாம்மா நீ எங்க கிளப்புல சேர்ந்திருக்கே. இந்தப் பொய்யைத்தான் நாங்க எல்லாரும் ஒரு வருஷமா சொல்லிட்டிருக்கோம்!”