காலிக் குழாய்

"காலிக் குழாயில அசிட்டோன் எப்படிம்மா வரும்? குழாய் நகப்பூச்சு போட்டு அழிச்சுதா?"

குழாய்க்குள் இருக்கும் ஆவியைப் புற ஊதாக் கதிரால் கண்டுபிடிக்கும் கருவியின் திரையில், கோடு மேடாக எழுந்திருந்த இடத்தைத் தட்டினார் ஆய்வகத் தலைவர். "அசிட்டோன்ல கழுவிட்டுக் காயவைக்காம மாட்டியிருக்கே. இன்னொரு தடவை இந்த மேடு வந்தா வேலையை மறந்துடு."

உதவியாளருக்குத் தொண்டை வறண்டது. காலையிலிருந்து குடித்த தண்ணீர் போதவில்லை.

"அசிட்டோனை நான் தொடவே இல்ல சார்."

"அப்போ என் கண்ணு முன்னாடி மாட்டு."

புதுக் குழாயை எடுத்தாள். வழக்கம்போல் தூசி போக உள்ளே ஊதி, மூடிக் கருவியில் பொருத்தினாள்.

திரையில் அதே மேடு எழுந்தது.

அவர் முகம் மாறியது. "கிளம்பு."

"சார், என் வேலை..."

"வேலை கிடக்கட்டும். அது உன் மூச்சும்மா. சர்க்கரை எக்கச்சக்கமா ஏறினா மூச்சுலயே அசிட்டோன் வரும். வண்டியில ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."