எனாமல் ஸ்டேஷன்

பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டுப் பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்தாள் பெரில். எனாமல் பூசிய பழைய கொக்கோ விளம்பரத் தகரப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டர், தொப்பியைச் சரிசெய்தபடி திரும்பினார்.

"மேடம், இது முதல் வகுப்புக்காரங்க பெஞ்ச். மேல பலகை தொங்குதே, படிக்கலையா?"

"படிச்சேன். நான் லீட்ஸுக்குப் போறேன், தங்கச்சி வீட்டுக்கு."

"ரிட்டர்ன் டிக்கெட்டா?"

"இல்ல. திரும்பி வர்றதா இல்ல."

"நல்லது," என்றவர், பலகையின் மூலையை ஊதித் துடைத்தார். "எனாமல்னா இதுதான் எனாமல். எத்தனை மழை பார்த்திருக்கும்? இந்த நீலம் கொஞ்சமாவது வெளுத்திருக்கா பாருங்க."

"என் தலை வெளுத்துப்போச்சு. அதை யாராவது பார்த்தீங்களா?"

"பலகையில சாயாதீங்க மேடம். கீறல் விழும்."

பெரில் எழுந்து பெட்டியைத் தூக்கினாள்.

"அந்தப் பக்கம் இல்ல. 'வெளியேறும் வழி'ன்னு பலகை இருக்கு பாருங்க."

பலகையின் அம்பு கோழிக்கூண்டைக் காட்டியது. அவள் அதைச் சட்டை செய்யாமல் தக்காளிப் பாத்தியைத் தாண்டிச் சமையலறைக்குள் நுழைந்தாள். ஏலம் ஏலமாய் அலைந்து வாங்கிய பலகைகளை மாட்டுவதற்காக அவள் புருஷன் கொல்லையில் கட்டிய ஸ்டேஷன் அது. தண்டவாளத்துக்குத்தான் இடமில்லை.

கல்யாண மோதிரத்தைக் கழற்றி அடுப்புமேடையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். டாக்ஸி காத்திருந்தது.

"எங்கம்மா போகணும்?"

"ஸ்டேஷனுக்கு," என்றாள். கொல்லையில் புருஷன் விசில் ஊதுவது கேட்டது.

"நிஜமா ரயில் வர்ற ஸ்டேஷனுக்குப்பா."