வேறு கம்பெனிச் சக்கரம்

"வேணாண்ணே! இது வேற கம்பெனி கார் சக்கரம். நட்டுத் துளை பொருந்துது, நடு ஓட்டைதான் பெரிசு. ஓடுற வண்டியில கழண்டுரும்," என்றான் டாக்சிக்கார ரெங்கசாமி. அவன் காரின் சொந்தச் சக்கரம் முந்தாநாள் குழியில் விழுந்து உடைந்ததிலிருந்து, கார் பட்டறை வாசலிலேயே நின்றது.

"கிள்ளான் ஆஸ்பத்திரி ஆறே மைல்தான் தம்பி. மைலுக்கு மைல் நானே இறங்கி நட்டை முடுக்குறேன்," என்று கெஞ்சினார் பட்டறைக்காரர் டொமினிக்.

"கழண்டா உசுரு போயிரும்ண்ணே!"

"போகாம இங்கயே நின்னாலும் போயிரும்."

ரெங்கசாமி பட்டறைக் கதவில் தொங்கிய பலகையைக் காட்டினான். 'வேறு கம்பெனிச் சக்கரம் மாட்டித் தரப்படாது. உயிர் பெரிது.'

"நீங்க எழுதி மாட்டுனதுதானே? நேத்து இதே சக்கரத்தோட வந்தப்ப, இதைக் காட்டித்தானே என்னைத் திருப்பி அனுப்புனீங்க?"

காரின் பின் சீட்டில், பிரசவ வலியில் டொமினிக்கின் மனைவி ஜோசஃபின் அலறினாள்.

டொமினிக் பலகையை எழுத்து தெரியாமல் கதவுப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டு, ஸ்பானரை எடுத்தார்.