பந்தல்குடியில் இத்தாலி விருந்து

வெள்ளத்துரை கேட்டதில் ஒரு வார்த்தைகூட அந்த இத்தாலிக்காரருக்குப் புரியவில்லை. திராட்சைப் பந்தலுக்குக் கீழே கூடியிருந்த பந்தல்குடிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“புவோன் ஜோர்னோ, சின்யோரே. கோமெ ஸ்தா?” வெள்ளத்துரை மறுபடியும் இத்தாலி பாஷையில் நிறுத்தி நிதானமாக நலம் விசாரித்தார்.

“எஸ், எஸ்” என்று சிரித்துவிட்டு இலையின் முன் உட்கார்ந்தார் விருந்தாளி.

உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்தோடு இத்தாலிக்குப் போய், காலில் குண்டு பட்டு, ஒரு குடியானவர் வீட்டில் குளிர்காலம் முழுக்கக் கிடந்தவர் வெள்ளத்துரை. ஒயின் போடவும் அந்த ஊர்ச் சமையல் செய்யவும் அங்கேதான் கற்றார். இருபத்தேழு வருடமாகச் சொல்லியும் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. கரிசலில் கிணறு வெட்டி அவர் திராட்சை போட்டதற்கே அந்த வீம்புதான் காரணம்.

அது எழுபத்திரண்டு. அருப்புக்கோட்டை மில் ஒன்றுக்குப் புது மெஷின் பூட்ட இத்தாலி இஞ்சினியர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும், மேனேஜர் ராஜகுருவிடம் நாலு நடை நடந்து அவரை விருந்துக்கு அழைத்துவிட்டார். சர்க்காரே சாராயக்கடை திறந்துவிட்ட காலம் என்பதால் ஒயின் ஜாடியும் பயமில்லாமல் வெளியே வந்திருந்தது.

மனைவி முத்துலட்சுமி பரிமாறினாள். கோதுமை மாவைத் தேய்த்து, நாடா நாடாவாக வெட்டி வேகவைத்து, பூண்டும் தக்காளியும் வதக்கிப் புரட்டிய பதார்த்தம். விருந்தாளி ரசித்துச் சாப்பிட்டார். டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி, ஒயினை ஒரு சொட்டுச் சிந்தாமல் அண்ணாந்து குடித்தார்.

“இதுக்கு அவுக ஊர்ல என்ன பேருன்னு கேளுங்க சார்” என்றான் முத்துலட்சுமியின் தம்பி பால்ச்சாமி.

ராஜகுரு இங்கிலீஷில் கேட்டார். விருந்தாளி இலையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார்.

“ருசியா இருக்காம். ஆனா அவுக நாட்டுல இப்படி ஒண்ணு பாத்ததே இல்லையாம்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“அப்ப எந்த இத்தாலியில இருந்தீக மச்சான்? ராமநாதபுரத்துக்குக் கிழக்கயா?” என்றான் பால்ச்சாமி.

தம்பியை அதட்டுவாள் என்று வெள்ளத்துரை மனைவியைப் பார்த்தார். ஊரே கேலி செய்தபோதும் குழாயடியில் அவருக்காக மல்லுக்கட்டியவள் அவள் ஒருத்திதான். இப்போது அவர் முகத்தைப் பார்க்காமல், கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஊர் சிரித்ததைவிட அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆட்கள் கலைந்தார்கள். ராஜகுரு காரைத் திருப்பப் போனார். வீட்டுக்கு வந்தவர்மேல் கோபத்தைக் காட்டக்கூடாது என்று, வெள்ளத்துரை செம்பில் தண்ணீர் எடுத்துவந்து விருந்தாளியின் கையில் ஊற்றினார்.

விருந்தாளி கையைத் துடைத்தார். காரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வெள்ளத்துரையின் காதருகே குனிந்தார்.

“மன்னிச்சுக்குங்கண்ணே, பொழப்புக்காகப் போட்ட வேஷம். நான் ஆங்கிலோ இந்தியன், எனக்குத் திருச்சி பொன்மலை.”