விரிப்பின் ஓரம்

துறைமுகத்தில் கப்பலின் ஊதல் அடங்க, காப்பகத்து நாய்களும் அடங்குகின்றன. நிவேதிகா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த, வாடை போகத் தோய்க்காத கட்டில் விரிப்பைக் காப்பகத்துச் சோபனா அக்கா சீமெந்துத் தரையில் விரிக்கிறாள். எந்த நாய் அந்த வாடையில் படுக்கிறதோ, அதுவே அந்த வீட்டுக்கு ஒத்துப்போகும் என்பது இங்கே வழமை. நாய்கள் ஒவ்வொன்றாய் முகர்ந்து, வாலை ஒடுக்கிச் சுவரோடு ஒண்டுகின்றன. “வீட்டில ஏற்கெனவே நாய் நிக்குதோ, பிள்ளை?” “இல்லை அக்கா. அந்த வாடகை வீட்டில தனியப் படுக்கப் பயம். அதுக்குத்தானே வந்தனான்.” அக்கா விரிப்பிலிருந்து நீளமான வெள்ளை நாய்மயிர் ஒன்றைக் கிள்ளியெடுத்து வெயிலில் பிடிக்கிறாள். அது ஈரமாயிருக்கிறது; காப்பகத்தில் வெள்ளை நாய் ஒன்றுமில்லை. நிவேதிகா நாய்க்கென வாங்கிய புதுச் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொள்கிறாள். கடைசியில் ஒரு கிழட்டுச் செவலை விரிப்பில் ஏறி, நடுவை விட்டுவிட்டு ஓரமாய்ச் சுருண்டுகொள்கிறது. “இதைக் கொண்டுபோங்கோ, பிள்ளை. ரெண்டும் சண்டை பிடிக்காது.”